தொழிலாளர் பதிவேடுகளும் கோப்பு மாற்ற மென்பொருளின் அமைப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறும்போதும், துண்டாடப்படும்போதும், வீடமைப்புத் திட்டங்களுக்காக மூடப்படும்போதும் அங்கே காலமெல்லாம் உழைத்தவர்கள் முதலில் கேட்பது தங்கள் சேவைக் காலத்தையும் கடைசியாக வாங்கிய சம்பளத்தையும் காட்டும் ஆதாரத்தைத்தான். முன்பு அந்த ஆதாரம் தோட்ட எழுத்தரான கிராணியார் மேசையில் இருந்த செக்ரோல் எனும் பெயர், சம்பளப் பதிவேட்டில் கிடைத்தது. இப்போது அது ஒரு கணினிப் பட்டியலாகக் கொடுக்கப்படுகிறது. தோட்ட நிறுவனம் ஒன்றின் தலைமை அலுவலகத் தரவுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், அத்தகைய பட்டியல்களைச் சிலர் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவற்றில் பெயர்கள் சரியாக இருக்கின்றன, தோட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் சரியாக இருக்கின்றன, ஆனால் சம்பளத் தொகைகள் மட்டும் யாரும் ஒருபோதும் வாங்கியிராத தொகைகளாக இருக்கின்றன. இதற்குப் பழைய கிராணிமார்களைக் குறை சொல்வோரும் உண்டு, பழைய கணினியைக் குறை சொல்வோரும் உண்டு. இரண்டுமே நியாயமல்ல. மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினியிலிருந்து மேசைக் கணினிக்குக் கோப்புகளை மாற்றிய மென்பொருள் சரியாக அமைக்கப்படாததே பெரும்பாலும் காரணம். இதைத் தொழிலாளர் குடும்பங்களும், அவர்களுக்காகப் பேசும் சங்கங்களும், இந்த வேலையைச் செய்யும் இளைஞர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

அடிப்படைச் சிக்கல் மிகப் பழையது. ஐபிஎம் நிறுவனம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளுடன் எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டு முறை பரவலாயிற்று. இன்றைய ஐபிஎம் பெருங்கணினிகளிலும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. மேசைக் கணினிகளோ 1963-இல் தரப்படுத்தப்பட்ட ஆஸ்கி முறையிலும் அதன் வழிவந்த முறைகளிலும் இயங்குகின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘ஏ’ பெருங்கணினியில் 193 என்ற எண்ணாகவும் மேசைக் கணினியில் 65 என்ற எண்ணாகவும் இருக்கும். பூச்சியம் என்ற இலக்கம் அங்கே 240, இங்கே 48. சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடம் அங்கே 64, இங்கே 32. மேசைக் கணினியில் 64 என்பது @ குறி என்பதால், மாற்றம் ஏதும் செய்யாமல் கொண்டுவரப்பட்ட கோப்பைத் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விளங்காத குறிகளும் அதற்குப் பின் வரிசையாக @ குறிகளும் தெரியும். அப்படித் தெரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கோப்பு கெடவில்லை, மொழிமாற்றம்தான் நடக்கவில்லை. கவலைக்குரியது, எல்லாம் ஒழுங்காக வந்ததுபோல் தோன்றும் கோப்புதான்.

பெருங்கணினியின் 3270 வகைத் திரையை மேசைக் கணினியில் காட்டும் மென்பொருள்களில் ‘கோப்பை அனுப்பு’, ‘கோப்பைப் பெறு’ என்ற வசதிகள் உண்டு. அவற்றை அழுத்தும்போது மறுமுனையில் பெரும்பாலும் இண்ட் டாலர் ஃபைல் (IND$FILE) என்ற நிரல் இயங்குகிறது. அந்த முனையில் டிஎஸ்ஓ, சிஎம்எஸ், சிஐசிஎஸ் ஆகிய பெருங்கணினிச் சூழல்களில் எது இருக்கிறது என்பதை அமைப்புப் பக்கத்தில் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஎஸ்ஓ என்றால் திரை கட்டளையை ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும். இவை தவறினால் மாற்றம் தொடங்கவே தொடங்காது, எனவே யாருக்கும் நட்டமில்லை. அதற்கு அடுத்து வரும் தேர்வில்தான் நட்டம் ஏற்படுகிறது. கோப்பை எழுத்துகளாகக் கருதி எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்கு மாற்றிக் கொண்டுவருவதா, அல்லது இருமக் கோப்பாகக் கருதி ஒரு பைட்டையும் (ஓர் எழுத்துக்குரிய இடத்தையும்) தொடாமல் அப்படியே கொண்டுவருவதா என்று மென்பொருள் கேட்கிறது. பெயர்கள் படிக்கும்படி வர வேண்டும் என்பதற்காக எழுத்து முறையையே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயர் மட்டுமே உள்ள கோப்புக்கு அது சரி. சம்பளக் கோப்புக்கு அது பெரும்பாலும் தவறு.

ஏன் தவறு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட சம்பள நிரல்கள், இடத்தை மிச்சப்படுத்தத் தொகைகளைச் சுருக்கி வைக்கும். காம்ப்-3 என்று நாங்கள் அதைச் சொல்வோம். ஒரு பைட்டை இரண்டு அரைகளாகப் பிரித்து ஒவ்வோர் அரையிலும் ஓர் இலக்கத்தை வைத்து, கடைசி அரையில் மட்டும் கூட்டல் குறிக்கு 12 என்ற எண்ணையும் கழித்தல் குறிக்கு 13 என்ற எண்ணையும் வைப்பது அதன் முறை. ஒருவரின் அன்றாடச் சம்பளம் 8 வெள்ளி (ரிங்கிட்) 75 காசு என்று கொள்வோம். ஏழு இலக்க இடத்தில் அது 0000875 ஆகும். நான்கு பைட்டுகளில் முதல் இரண்டும் பூச்சியம், மூன்றாவதில் 8-உம் 7-உம், நான்காவதில் 5-உம் கூட்டல் குறிக்கான 12-உம். எழுத்து முறையில் மாற்றும் மென்பொருளுக்கு இது தொகை என்று தெரியாது. முதல் அரையை 16-ஆல் பெருக்கி இரண்டாம் அரையைக் கூட்டினால் பைட்டின் மதிப்பு வரும். அதன்படி 8-உம் 7-உம் சேர்ந்த பைட்டின் மதிப்பு 135, எப்சிடிக்கில் அது ஆங்கிலச் சிறிய எழுத்தான ‘ஜி’, எனவே அதை ஆஸ்கியில் அதே எழுத்துக்குரிய 103 ஆக மாற்றுகிறது. 103-ஐ அரைகளாகப் பிரித்தால் 6-உம் 7-உம் வரும். நான்காவது பைட்டின் மதிப்பு 92, அது நட்சத்திரக் குறி, ஆஸ்கியில் அது 42. அதைப் பிரித்தால் 2-உம் 10-உம் வரும். ஐபிஎம் முறைப்படி 10 என்பதும் கூட்டல் குறியாகவே ஏற்கப்படும். ஆகவே மேசைக் கணினியில் அந்தத் தொகையை விரித்துப் பார்க்கும் நிரல் 672 என்று படிக்க இடமுண்டு. 8 வெள்ளி 75 காசு, 6 வெள்ளி 72 காசாகிவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. தொகையும் நம்பக்கூடிய தொகையாகவே இருக்கிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1980-ஆம் ஆண்டு வேலை நீக்க மற்றும் ஆட்குறைப்பு நன்மை விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் சேவை செய்த தொழிலாளிக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். இருபது ஆண்டு சேவைக்கு அது 400 நாள் சம்பளம். 8 வெள்ளி 75 காசு என்றால் 3,500 வெள்ளி. 6 வெள்ளி 72 காசு என்றால் 2,688 வெள்ளி. ஒரு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வு மாறியதால் ஒரு பால்மரத் தொழிலாளியின் கணக்கில் 812 வெள்ளி குறைந்துவிடுகிறது. அதைக் கொடுப்பவரும் அறியமாட்டார், வாங்குபவரும் அறியமாட்டார்.

பிடித்தத் தொகைகளின் கதை வேறு விதமானது. கழித்தல் குறிக்கு 13 என்று மேலே சொன்னேன். ஒரு பிடித்தம் 3 வெள்ளி 50 காசு என்றால் அதன் கடைசி பைட்டில் பூச்சியமும் 13-உம் இருக்கும். அந்தப் பைட்டின் மதிப்பு 13. எப்சிடிக், ஆஸ்கி இரண்டிலுமே 13 என்பது வரியை முடித்துத் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் கட்டுப்பாட்டுக் குறி. ஆகவே பூச்சியத்தில் முடியும் பிடித்தம் உள்ள ஒவ்வொரு பதிவும் அந்த இடத்தில் இரண்டாக உடைந்துவிடுவதாக மேசைக் கணினியின் பல நிரல்கள் எடுத்துக்கொள்கின்றன. உடைந்த பதிவின் பின்பாதி அடுத்த வரியில் பெயரில்லாமல் நிற்கும். ‘இந்த வரிகள் குப்பை’ என்று யாரேனும் அவற்றை அழித்துவிட்டால், அந்தத் தொழிலாளியின் மீதி விவரங்கள் அத்துடன் போயின. முன்பணமோ கூட்டுறவுக் கடனோ பிடிக்கப்பட்டவர்களின் பதிவுகளே குறிப்பாக இப்படிச் சேதமடைகின்றன என்பதைக் கவனித்தால், இது தற்செயலான கோளாறு அல்ல என்பது புரியும்.

எல்லாத் தொகையும் இப்படிச் சுருக்கி வைக்கப்படுவதில்லை. சில கோப்புகளில் இலக்கங்கள் விரிந்தே இருக்கும், ஆனால் கூட்டல் கழித்தல் குறி கடைசி இலக்கத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கும். அதனால் 48 வெள்ளி 75 காசு என்ற வரவு 487 என்று தொடங்கி ‘இ’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும். 12 வெள்ளி 35 காசு என்ற பிடித்தம் 123 என்று தொடங்கி ‘என்’ என்ற எழுத்தில் முடியும். ‘ஏ’ முதல் ‘ஐ’ வரையிலான எழுத்துகள் கூட்டல் குறியுடைய 1 முதல் 9 வரை, ‘ஜே’ முதல் ‘ஆர்’ வரையிலானவை கழித்தல் குறியுடைய 1 முதல் 9 வரை. பூச்சியத்துக்கு நெளிவு அடைப்புக்குறிகள். உங்கள் பட்டியலில் தொகையின் இறுதியில் இப்படி எழுத்து இருந்தால் அதைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணி யாரும் அழிக்கக்கூடாது. அதை இன்றும் சரியாகப் படித்தெடுக்க முடியும். முன் சொன்ன சுருக்கிய தொகைகள் அப்படியல்ல. மொழிமாற்ற அட்டவணைகள் பலவற்றில் இணை இல்லாத குறிகள் எல்லாம் ஒரே மாற்றுக் குறியாக்கப்படுவதால், ஒருமுறை கெட்டபின் மூலத்தை மீட்க வழியில்லாமல் போகலாம்.

குறியீட்டுப் பக்க எண் என்று ஒன்றும் அமைப்பில் இருக்கிறது. எப்சிடிக் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைகள் உண்டு. 37 என்ற பக்கமும் 500 என்ற பக்கமும் அடிக்கடி எதிர்ப்படுபவை. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் இரண்டிலும் ஒன்றே. ஆனால் 37-இல் நெட்டுக்கோடாக இருக்கும் அதே மதிப்பு 500-இல் வியப்புக்குறி. பெயர், அடையாள அட்டை எண், தொகை ஆகியவற்றை நெட்டுக்கோட்டால் பிரித்து எழுதிய கோப்பைத் தவறான பக்க எண்ணுடன் கொண்டுவந்தால் பிரிப்பான்கள் எல்லாம் வியப்புக்குறிகளாகி, கட்டங்கள் பிரியாமல் ஒரே வரியாக நிற்கும். இது சிறிய தொல்லை, எண்ணை மாற்றி மறுபடி இறக்கினால் தீர்ந்துவிடும்.

பதிவின் நீளம் அவ்வளவு எளிதானதல்ல. மேசைக் கணினியிலிருந்து பெருங்கணினிக்குப் புதிய கோப்பை ஏற்றும்போது நீளத்தைக் குறிப்பிடாவிட்டால் இண்ட் டாலர் ஃபைல் 80 எழுத்து என்றே கொள்ளும். 80 என்பது துளையட்டைக் காலத்து நீளம். நம் மக்களின் பெயர்களோ நீளமானவை. தந்தை பெயரும் சேர்ந்து, நடுவில் ஒரு சாய்கோட்டுடன் எழுதப்படும் பெயருக்குப் பின்னால்தான் தொகை வருகிறது என்றால், வெட்டுப்படுவது பெரும்பாலும் தொகைதான். திருத்திய பட்டியலை மீண்டும் தலைமை அலுவலகத்துக்கு ஏற்றுகிறவர்கள் நீளத்தையும், பதிவு நிலையான நீளமுடையதா மாறும் நீளமுடையதா என்பதையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். மாறும் நீளமுள்ள கோப்பை இரும முறையில் இறக்கும்போது இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒவ்வொரு பதிவின் முன்னும் அதன் நீளத்தைச் சொல்லும் நான்கு பைட்டுகள் பெருங்கணினியில் உண்டு. எஃப்டிபி என்ற கோப்பு மாற்ற முறை வழியாக மாற்றும்போது அவற்றையும் சேர்த்து அனுப்பும்படி தனியாகக் கட்டளை கொடுக்காவிட்டால் அவை விடுபட்டுப்போய், ஒரு பதிவு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டறிய முடியாது. ஒரு தொழிலாளிக்கு மூன்று சம்பளப் படிகள் (அலவன்ஸ்), இன்னொருவருக்கு ஏழு படிகள் என்று எண்ணிக்கை மாறும் சம்பளக் கோப்புகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இவை எல்லாம் சரியாக நடந்தபின்னும் கடைசி வாசலில் ஒரு பள்ளம் இருக்கிறது. இறக்கிய கோப்பை நேரே எக்செல்லில் திறந்தால், 12 இலக்க அடையாள அட்டை எண்ணை அது ஓர் எண்ணாகக் கருதி 5.30412 என்று சுருக்கி, பத்தின் அடுக்காகக் காட்டும். அந்த நிலையிலேயே காற்புள்ளிக் கோப்பாகச் (CSV) சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். பூச்சியத்தில் தொடங்கும் தொழிலாளர் எண்களின் முன் பூச்சியங்களும் மறையும். கோப்பை உள்வாங்கும்போதே அந்தக் கட்டங்களை ‘எழுத்து’ என்று குறித்துவிட்டால் இது நேராது.

இவ்வளவு கோளாறுகளுக்கும் பொதுவான ஒன்று, மாற்றம் முடிந்ததும் திரையில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று செய்தி வருவதுதான். அந்தச் செய்தி பொய்யல்ல. அனுப்பிய பைட்டுகள் வந்து சேர்ந்தன என்பதை மட்டுமே அது சொல்கிறது. 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் என்ற கோப்பு மாற்ற முறை, தரவைச் சிறு பொட்டலங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்து, கரகரக்கும் தொலைபேசிக் கம்பியிலும் ஒரு பைட்டும் பிசகாமல் கொண்டுவந்து சேர்த்தது. அத்தனை நல்ல முறையாலும் ஒரு தொகையை எழுத்தாகக் கருதி மாற்றியது சரியா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது, எந்த இடத்தில் பெயர், எந்த இடத்தில் தொகை, அது எந்த வடிவில் என்று விளக்கும் பதிவு அமைப்பு விவரம் ஒன்றே. கோபால் நிரலர்கள் காப்பிபுக் என்பது அதைத்தான். அது கையில் இல்லாமல் மென்பொருளை அமைக்க உட்காருவதை நான் ஏற்கமாட்டேன்.

சரியான வழி இரண்டு. பெருங்கணினி இன்னும் இயங்குகிறது என்றால், அங்கேயே ஒரு சிறு நிரலால் சுருக்கிய தொகைகளை எல்லாம் சாதாரண இலக்கங்களாகவும் தனியாகத் தெரியும் குறியாகவும் விரித்து எழுதிவிட்டு, அந்தப் புதிய கோப்பை எழுத்து முறையில் இறக்க வேண்டும். பெருங்கணினியில் நிரல் எழுத ஆளில்லை என்றால், கோப்பை இரும முறையில் அப்படியே இறக்கி, காப்பிபுக்கைப் பார்த்து மேசைக் கணினியில் பிரித்தெடுக்க வேண்டும். பெயர் இருக்கும் பைட்டுகளை மட்டும் மொழிமாற்றி, தொகை இருக்கும் பைட்டுகளை அரையரையாகப் படிக்க வேண்டும். இன்றைய நிரல்மொழி எதிலும் இதைச் செய்யலாம். கணினி படித்த நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலை அல்ல. எந்த வழியாக இருந்தாலும் பதிவுகளின் எண்ணிக்கையையும், சம்பளத்தின் மொத்தத்தையும், பிடித்தங்களின் மொத்தத்தையும் இரு முனைகளிலும் கூட்டி ஒப்பிட வேண்டும். காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணிச் சரிபார்க்காமல், மேற்பார்வையாளரான மண்டோர் யாரையும் வேலைக்கு அனுப்பியதில்லை. அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

ஆகவே பழைய பெருங்கணினிகளை நிறுத்தும் நிறுவனங்களையும், அவற்றுக்காக இந்த மாற்ற வேலையை ஏற்கும் ஒப்பந்தக்காரர்களையும் உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இறக்கிய பட்டியலுடன், மொழிமாற்றம் செய்யாத மூலக் கோப்பின் பிரதி ஒன்றையும், காப்பிபுக்கையும், மாற்றத்தின்போது தேர்ந்தெடுத்த அமைப்புகள் அனைத்தையும் எழுதிய குறிப்பையும், இரு முனைகளிலும் எடுத்த மொத்தங்களையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். மொத்தங்கள் ஒத்துப்போகும் வரை பழைய கணினியில் உள்ளதை அழிக்கக்கூடாது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கும் நாட்டில், அடையாள அட்டை எண்களும் சம்பளமும் அடங்கிய இந்தக் கோப்புகளைப் பூட்டில்லாத விரலியில் (யுஎஸ்பி சேமிப்பானில்) போட்டுக் கைமாற்றுவதும் நிற்க வேண்டும். தொழிலாளர்களுக்காகப் பேச்சு நடத்தும் சங்கப் பொறுப்பாளர்கள், பட்டியலை ஏற்றுக் கையெழுத்திடுவதற்கு முன் மொத்தங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய சம்பளச் சீட்டுகளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே ஒரு மாதச் சீட்டு இருந்தாலும், அதில் உள்ள தொகையைப் பட்டியலில் அதே மாதத்துக்கு எதிரே உள்ள தொகையுடன் ஒப்பிட்டு, வேறுபட்டால் எழுத்து மூலம் தெரிவித்து, மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுத்துத் தரும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தரவுப் பிரிவு ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்.